கறுத்துப்போன கல்லீரலும் திறக்காத மருந்தும்

இளம் டாக்டர்களே, நீங்கள் எல்லோரும் ஸ்கேன் படம் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. அது எனக்கு வராது என்பது என்னிடம் திட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும். நாங்கள் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கித் தேடிக் கண்டுபிடித்த புள்ளியை நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து மவுஸை உருட்டிப் பிடித்துவிடுகிறீர்கள். திருவான்மியூரில் முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் ஒரு ரிட்டயர்டு ரேடியாலஜிஸ்டுக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் போன மாதம் உங்களில் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். ஒரு கேஸைப் பற்றி விஸ்தாரமாகச் சொன்னார். எந்தப் படத்தில் என்ன தெரிந்தது, எந்த மருந்து கொடுத்தார்கள், எல்லாம் சொன்னார். "சரிப்பா, பேஷண்ட் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "அவங்க பேசல மேடம், பையன்தான் எல்லாம் சொன்னார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவரைத் திட்டி அனுப்பிவிட்டேன். பிறகு பாவமாக இருந்தது. காரணம் சொல்லாமல் திட்டினால் என்ன பிரயோஜனம்? அதனால் காரணத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மெட்ராஸ் சென்னையாகி, பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்த சமயம். நான் ஆழ்வார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தேன். எம்.ஆர்.ஐ. இயந்திரம் அப்போது ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இருந்தது. எங்களிடம் இருந்தது கொஞ்சம் வயதானது. மழை நாளில் மக்கர் பண்ணும். அதை ஓட்டிய டெக்னீஷியன் செல்வம், மந்தைவெளிப் பையன், அதனோடு சண்டை போட்டே காலம் தள்ளினான்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவில் ஒரு புது மருந்து வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். நீங்கள் இன்றைக்கு நானோ துகள் என்று சொல்வீர்கள். எங்களுக்கு அது 'இரும்பு டிரிப்'. விஷயம் எளிமையானது. இரும்புத் துரு மாதிரி ஒரு பொருள், கண்ணுக்கே தெரியாத அளவு பொடி. அதன்மேல் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பூச்சு. மெதுவாக டிரிப்பில் ஏற்றினால், கல்லீரலில் குப்பை பொறுக்குவதற்கென்றே இருக்கும் செல்கள் அதை விழுங்கிவிடும். இரும்பு போன இடம் எம்.ஆர்.ஐ. படத்தில் கறுத்துப்போகும். பரவி வந்த புற்றுநோய்க் கட்டியில் அந்தச் செல்கள் கிடையாது. அதனால் கட்டி கறுக்காது. கறுத்த கல்லீரலில் கட்டி மட்டும் வெள்ளையாக நிற்கும். அதுவரைக்கும் சாம்பல் நிறத்துக்குள் சாம்பல் நிறத்தைத் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மருந்து இங்கே கடையில் கிடைக்காது. வெளிநாட்டில் மகனோ மாப்பிள்ளையோ இருப்பவர்கள் வாங்கிக்கொண்டு வந்தால்தான் உண்டு. அதிலும் வேடிக்கை நடக்கும். தி. நகரில் ஒரு குடும்பத்தார், அருமையான வெளிநாட்டு மருந்து கெட்டுவிடக்கூடாதே என்று அதை ஃப்ரீஸரில் குல்ஃபிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். உறைந்தால் அந்தப் பூச்சு விட்டுவிடும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிப் போகும். அதை ரத்தக்குழாய்க்குள் விட முடியாது. "இப்ப கரைஞ்சிடுச்சே டாக்டர், பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்றார் அந்த வீட்டுப் பெரியவர். "திரிஞ்ச பாலை ஆத்திக் கொடுத்தா காபி போட்டுக் குடிப்பீங்களா சார்?" என்று கேட்டேன். மனிதர் அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

விசாலாட்சி டீச்சர் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன் ரமணி, அமெரிக்காவில் வேலை. டீச்சருக்குக் குடலில் புற்றுநோய். அதை எடுத்துவிடலாம். பிரச்சினை கல்லீரலில் இருந்தது. சி.டி. ஸ்கேனில் கல்லீரலின் வலது பக்கம் ஒரு புள்ளி, இடது பக்கம் ஒரு புள்ளி. இரண்டும் புற்றுநோய்தானா என்று சி.டி.யை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய சர்ஜன் எனக்கு மூத்தவர். பெயர் வேண்டாம். நான் கோபக்காரி என்றால் அவர் என்னைப்போல் நாலு பேருக்குச் சமம். போனில் என்னிடம் தெளிவாகச் சொன்னார்: "வலது பக்கம் மட்டும்னா குடலோட சேர்த்து அதையும் எடுத்துடுவேன். அந்த அம்மா பிழைக்க நல்ல சான்ஸ் இருக்கு. ரெண்டு பக்கமும்னா நான் வயித்தைத் திறந்து அவங்களைப் படுத்த மாட்டேன். இருக்கிற வரைக்கும் வலி இல்லாம வச்சுக்கலாம். நாளைக்குக் காலையில ஆபரேஷன் தியேட்டர் போட்டிருக்கேன். எனக்கு இன்னிக்கே சொல்லணும்."

ஆக, இடது பக்கப் புள்ளி ஒன்றைப் பற்றித்தான் கேள்வி. அது கட்டி என்றால் டீச்சர் வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டியதுதான். கட்டி இல்லை என்றால் அவருக்கு வாழ வழி இருக்கிறது. ரமணி அந்த மருந்துக்காகவே எங்கெங்கோ அலைந்து, ஒரு குப்பி வாங்கி, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். டீச்சருக்கு ரத்தம் ஏறி அறுவைக்கு நாள் குறிக்கும் வரை சில வாரம் இங்கேயே காத்திருந்தார்.

இங்கே எங்கள் அந்தக்கால வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வியாதி புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள். குடும்பம் முழுக்கக் கூடிப் பேசி ஒரு பொய்யைத் தயார் பண்ணும். பெரும்பாலும் பித்தப்பையில் கல். எங்கள் ஊரில் அந்த வருஷங்களில் அத்தனை பேருக்குக் கல் இருந்தது. நோயாளி உள்ளே உடை மாற்றிக்கொண்டிருக்கும்போது கூட வந்தவர் எங்களை நடைபாதைக்குக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொல்வார். நாங்களும் தலையாட்டுவோம். என்ன மருந்து சாப்பிடுகிறார், என்ன ஊசி போட்டார்கள் என்று எல்லாவற்றையும் அவரிடமே கேட்டுக்கொள்வோம். நோயாளியைக் கேட்டால் எங்கே வாய் தவறி ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று பயம். "திரும்புங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பதோடு அவரிடம் பேச்சு முடிந்துவிடும். செல்வம் இதற்கு ஒரு பெயரே வைத்திருந்தான்.

"மேடம், கல் கேஸ் வந்துகீது" என்று அன்றைக்கும் வந்து சொன்னான்.

நடைபாதையில் ரமணி நின்றுகொண்டிருந்தார். நல்ல சிவந்த, தூக்கமில்லாத முகம். "டாக்டர், அம்மாக்கு ஒண்ணும் தெரியாது. கல்லுன்னு சொல்லி வச்சிருக்கோம். உங்காத்து மனுஷா மாதிரி நெனச்சுண்டு கொஞ்சம் பாத்துக்கோங்கோ" என்றார்.

"சரி. இதுக்கு முன்னாடி ரத்தம் ஏத்தினாங்களா? வேற ஊசி, டிரிப் ஏதாவது?"

"ஒண்ணும் இல்லே. ரத்தம் கம்மியா இருக்குன்னு சர்ஜன் இரும்பு மாத்திரை கொடுத்தார். வயித்தைப் புரட்டறதுன்னு அம்மா நிறுத்திட்டா. அப்புறம் பேரீச்சம்பழம், முருங்கைக்கீரைன்னு சாப்பிட்டே ரத்தத்தை ஏத்திண்டுட்டா. சர்ஜனே ஆச்சரியப்பட்டார்."

அம்மாவைப் பற்றிய பெருமை அந்தக் களைப்பிலும் அவர் முகத்தில் தெரிந்தது. நானும் சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

மருந்து கொடுப்பதற்கு முன்னால் வெறும் படம் ஒன்று எடுப்போம். பிறகு மருந்து கொடுத்து இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது முறை. டீச்சரை உள்ளே படுக்க வைத்து செல்வம் வெறும் படத்தை எடுக்க ஆரம்பித்தான். நான் காபியைக் கையில் எடுத்திருப்பேன், அதற்குள் கூப்பிட்டான்.

"மேடம், கொஞ்சம் வாங்க. இன்னா இது, லிவர் ஃபுல்லா கருப்பா கீது. யார்னா முன்னாடியே மருந்து ஏத்திட்டாங்களா?"

போய்ப் பார்த்தேன். கல்லீரல் கன்னங்கரேலென்று இருந்தது. மருந்துக் குப்பி மேஜைமேல் மூடி திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

"மெஷின் மக்கர் பண்ணுதா?"

"காத்தால எடுத்த ஆளுக்கு நல்லாத்தான் வந்திச்சு மேடம். இதுக்கு ஒண்ணும் ஆவல."

மண்ணீரலையும் சேர்த்து எடுக்கச் சொன்னேன். அதுவும் கறுப்பு. முதுகெலும்பின் மஜ்ஜையும் கறுப்பு. குப்பை பொறுக்கும் செல்கள் எங்கெல்லாம் இருக்குமோ அங்கெல்லாம் இரும்பு போய் உட்கார்ந்திருக்கிறது. வாயால் சாப்பிட்ட இரும்பு இப்படிச் செய்யாது. பேரீச்சம்பழத்தால் கல்லீரல் இப்படிக் கறுக்கும் என்றால் அரபு நாடுகளில் ஒருவருக்கும் ஸ்கேன் எடுக்க முடியாது. இது ரத்தக்குழாய் வழியாகப் போன இரும்பு. ஒன்று ரத்தம் ஏற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரோ இரும்பு ஊசி போட்டிருக்க வேண்டும். அதுவும் இல்லை என்றால் வேறு ஏதோ வியாதி.

வலது பக்கப் புள்ளி வெள்ளையாக நின்றது. இடது பக்கப் புள்ளி இருந்த இடத்தில் கறுப்புதான் தெரிந்தது. இது முதலிலேயே என் கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் கல்லீரல் எதனால் கறுத்தது என்று தெரியாமல் அதை நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. நம்பி, தப்பாகப் போனால், பிரயோஜனமில்லாத ஒரு பெரிய அறுவைக்கு அந்த அம்மாளை அனுப்பியவள் நானாக இருப்பேன்.

நடைபாதைக்குப் போய் ரமணியைத் திரும்பக் கேட்டேன்.

"இல்லவே இல்லே டாக்டர். நான் சத்தியமா சொல்றேன். அம்மா மயிலாப்பூரைத் தாண்டி எங்கேயும் போகலே. ஏன், என்ன ஆச்சு?"

"படத்துல ஏற்கெனவே இரும்பு இருக்கிற மாதிரி தெரியுது."

"அதனால என்ன? அதான் நான் கொண்டுவந்த மருந்து இருக்கே. கொடுத்துப் பாத்துடுங்கோளேன். அதுக்குத்தானே இத்தனை பாடு பட்டோம்?"

நியாயமான கேள்வி. உங்களுக்கும் இப்படிப்பட்ட நேரம் வரும். கையில் மருந்து இருக்கிறது, வாங்கிவந்தவர் எதிரே நிற்கிறார், சர்ஜன் போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார். கொடுத்துவிட்டால் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கறுத்த சுவருக்கு மேலே இன்னொரு பூச்சு கறுப்பு அடித்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? முதல் கறுப்பு எதனால் வந்தது என்ற கேள்வி அதற்கு அடியில் புதைந்துபோகும். அதன் பிறகு அதைத் தோண்டி எடுக்கவே முடியாது.

"மருந்து இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினேன். அவரும் என் பின்னாலேயே வந்தார். இயந்திரம் இருந்த காந்த அறை வாசலில் அவரை நிறுத்தினேன். "உங்க பர்ஸ்ல இருக்கிற கார்டெல்லாம் அழிஞ்சுபோயிடும் சார். வெளியவே இருங்க" என்றேன். அவர் தடுமாறி நின்றார். யோசித்துப் பாருங்கள், எங்கள் சென்டரிலேயே உறவுக்காரர்கள் பின்னால் வர முடியாத இடம் அது ஒன்றுதான். அங்கேதான் நோயாளியைத் தனியாகப் பிடிக்கலாம். இத்தனை வருஷமாக அது எனக்கு உறைத்ததே இல்லை.

செல்வம் டீச்சர் படுத்திருந்த பலகையை இயந்திரத்துக்கு வெளியே இழுத்துவிட்டுத் தன் கண்ணாடி அறைக்குப் போனான். டீச்சர் எழுந்து உட்கார்ந்து புடவைத் தலைப்பைத் தேடினார். ஆஸ்பத்திரி கவுனில் தலைப்பு எங்கே இருக்கும்? கையை மடியில் வைத்துக்கொண்டார். மெலிந்த உடம்பு, ஆனால் கண் மட்டும் வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் பார்க்கிற கண்.

"மாமி, ஒண்ணு கேக்கறேன். சமீபத்துல நீங்க எங்கயாவது ஊசி, டிரிப் ஏதாவது போட்டுக்கிட்டீங்களா?"

என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த செல்வத்தைப் பார்த்தார்.

"அவனுக்குக் கேக்குமா?"

"கேக்காது."

"ரமணிக்குத் தெரியப்படாது."

"நான் சொல்ல மாட்டேன்."

"அபிராமபுரத்துல என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி டாக்டரா இருக்கா. அவகிட்ட போய் டிரிப் போட்டுண்டேன். இரும்பு டிரிப். பலவாட்டி. கபாலி கோவிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஆட்டோ வச்சுண்டு போயிடுவேன். மாத்திரை வயித்துல தங்கலே. ரத்தம் ஏறலேன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுவா. ரமணிக்கு லீவு முடிஞ்சுடும். அவன் இங்க இருக்கறச்சயே ஆயிடணும்னு நெனச்சேன்."

"கல்லுக்குத்தானே ஆபரேஷன், இவ்வளவு அவசரம் எதுக்கு?" என்று கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். "என்ன டாக்டர், நீங்களுமா? முப்பது வருஷம் கணக்குப் பரீட்சையில காப்பி அடிக்கறவாளைப் பிடிச்சவ நான். எம்பிள்ளை மூஞ்சி எனக்குத் தெரியாதா? குடல்ல கேன்சர்னு எனக்கு முதல் நாளே தெரியும். கல்லீரல்லயும் ஏதோ இருக்கு, அதைப் பார்க்கத்தான் இங்க கூட்டிண்டு வந்திருக்கான். நான் தெரிஞ்ச மாதிரி காட்டிண்டா அவன் என் முன்னாடி அழுதுடுவான். அதைப் பார்த்துட்டு நான் எப்படிப் போய் மேஜையில படுக்கறது?"

சொல்வதற்கு என்ன வெட்கம்? எத்தனையோ பேரை அந்தப் பலகையில் படுக்கவைத்து எழுப்பியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் இப்படி எல்லாம் தெரிந்துகொண்டே மூச்சை இழுத்துப் பிடித்திருப்பார்களோ.

டீச்சரின் சம்மதத்தோடு அபிராமபுரம் டாக்டருக்குப் போன் செய்தேன். "ஆமா மேடம், டெக்ஸ்ட்ரான் இரும்புதான் கொடுத்தேன். வீட்டுல சொல்லிட்டு வாங்கன்னு சொன்னேன், கேக்கல. டீச்சர் முறைச்சா இன்னிக்கும் நான் எழுந்து நின்னுடுவேன்" என்றார். எத்தனை முறை, எவ்வளவு, கடைசியாக எப்போது என்று எல்லாம் விவரமாகச் சொன்னார்.

டெக்ஸ்ட்ரான் இரும்பு. உங்களுக்குப் புரிந்திருக்கும். ரமணி அமெரிக்காவிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த மருந்துக்கும், ரத்தசோகைக்கு நாட்டில் எல்லா இடத்திலும் போடுகிற இந்த டிரிப்புக்கும் அண்ணன் தம்பி உறவு. அதே இரும்பு, அதே சர்க்கரைப் பூச்சு. வேறொரு காரணத்துக்காகச் செய்தது, அவ்வளவுதான். அந்தக் குப்பை பொறுக்கும் செல்கள் இதையும் அப்படியே விழுங்கும். நாங்கள் கொடுக்கப்போகும் அளவைவிடப் பல மடங்கு இரும்பு டீச்சரின் உடம்பில் ஏற்கெனவே ஏறியாகிவிட்டது. அந்த அம்மாள் தனக்கு வேண்டிய ஸ்கேன் மருந்தைத் தானே ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கிறார்.

இப்போது படத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்தது. வேறு வேறு முறையில் திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னேன். செல்வம் முணுமுணுக்காமல் எடுத்தான். வலது பக்கப் புள்ளி எல்லாவற்றிலும் வெள்ளை. கட்டிதான், சந்தேகமில்லை. இடது பக்கத்தில் அந்த இடம் சுற்றியிருக்கும் கல்லீரலோடு சேர்ந்து கறுத்திருந்தது. கொழுப்பைத் தனியாகக் காட்டும் படத்தில் அந்த இடத்தில் கொஞ்சம் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்தது. கல்லீரலின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஓடும் தசைநாருக்குப் பக்கத்தில் அப்படிப் படிவது சகஜம். சி.டி.யில் அது கட்டி மாதிரி நடித்திருக்கிறது. இரும்பை விழுங்கும் செல்கள் அங்கே நன்றாக வேலை செய்துகொண்டிருந்தன. அது டீச்சரின் சொந்தக் கல்லீரல்தான்.

சர்ஜனைக் கூப்பிட்டேன்.

"சார், வலது பக்கம் மட்டும்தான். இடது பக்கம் கட்டி இல்ல."

"மருந்து கொடுத்துப் பார்த்தீங்களா?"

"கொடுக்கல."

புயல் வரப்போகிறது என்று தெரிந்து நான் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"மருந்து கையில இருக்கு. வாங்கிட்டு வந்தவன் வாசல்ல நிக்கறான். நீங்க கொடுக்காம ரிப்போர்ட் சொல்றீங்க. நாளைக்கு நான் யாரை நம்பிம்மா கத்தி எடுக்கறது?"

"என்னை நம்பித்தான் சார்" என்றேன். காரணத்தையும் சொன்னேன். டிரிப் விஷயம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்று டீச்சரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "அதானே பார்த்தேன். பேரீச்சம்பழத்துல இவ்வளவு ரத்தம் எப்படிரா ஏறும்னு நெனச்சேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ரமணி பாக்கி இருந்தார். மருந்தை ஏன் கொடுக்கவில்லை என்று அவர் கேட்பார். என்னால் பொய் சொல்ல முடியாது, டீச்சருக்குக் கொடுத்த வார்த்தையையும் மீற முடியாது. உடை மாற்றும் அறைக்குப் போனேன். டீச்சர் புடவை கட்டி முடித்துத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"மாமி, நல்ல செய்தி. கல்லீரல்ல வலது பக்கம் ஒண்ணுதான் இருக்கு. அதை எடுத்துடலாம்னு சர்ஜன் சொல்றார்."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கா, கபாலீஸ்வரருக்கா என்று தெரியவில்லை.

"ஆனா உங்க பையன் என்கிட்ட கேப்பார். நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"இத்தனை நாள் கஷ்டப்பட்டுக் கட்டிக் காத்தேனே டாக்டர்."

"அவரும்தான் காத்தார். தூங்காம கண்ணெல்லாம் செவந்து நிக்கறார். போதும் மாமி."

தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "சரி. அவனை அனுப்புங்கோ" என்றார்.

ரமணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்து ஸ்கேனுக்குக் காத்திருந்த ஒரு போலீஸ்காரர், எவ்வளவு நேரம் என்று செல்வத்தைக் கேட்டார். "இரு சார், உள்ளே குடும்ப விஷயம் ஓடிக்கினு கீது" என்றான் அவன். கதவுக்குள்ளிருந்து பேச்சுக் குரல் வந்தது, பிறகு டீச்சர் எதற்கோ அதட்டுவது கேட்டது. வெளியே வந்த ரமணியின் மூக்கு சிவந்திருந்தது. ஆனால் மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் தெரியுமாம் டாக்டர். முதல் நாளே தெரியுமாம். பேரீச்சம்பழத்தை அவ தொடவே இல்லையாம். தினமும் பால்ல போட்டு எனக்கே கொடுத்திருக்கா."

மறுநாள் மத்தியானம் சர்ஜன் தியேட்டரிலிருந்து வெளியே வந்ததும் எனக்குப் போன் செய்தார். அவர் யாருக்கும் அப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. "இடது பக்கம் கையால நல்லா தடவிப் பார்த்தேன். பஞ்சு மாதிரி இருக்கு. வலது பக்கம் எடுத்தாச்சு, குடலும் எடுத்தாச்சு. அந்த அம்மா நல்லா இருக்காங்க" என்றார். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். செல்வத்தைக் கூப்பிட்டு எல்லோருக்கும் காபியும் வாழைக்காய் பஜ்ஜியும் வாங்கிவரச் சொன்னேன். சந்தோஷமாக இருந்தால் வேறென்ன செய்வது?

அந்தக் குப்பியை ரமணி எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரமே அது வேறொருவருக்கு உதவியது. 'கல் கேஸ்' என்று சொல்வதைச் செல்வம் நிறுத்திவிட்டான். நான் நிறுத்தச் சொல்லவில்லை, அவனாகவே நிறுத்தினான். நான் கூட வந்தவர்களோடு நடைபாதையில் பேசுவதை விடவில்லை, அவர்களுக்கும் பேச ஆள் வேண்டும். ஆனால் அதற்கப்புறம் உள்ளே போய்ப் பலகையில் இருப்பவரிடம் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் ஒரு படத்தையும் நான் படித்ததில்லை. உடம்பு அவருடையது. அதில் என்ன போனது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். உங்களிடம் எங்களுடையதைவிட நூறு மடங்கு நல்ல இயந்திரம் இருக்கிறது. அதற்கும் இது தெரியாது.

சில மாதங்கள் கழித்து டீச்சர் மறுபரிசோதனைக்கு வந்தார். தனியாகவே வந்தார். ஒரு சுற்றுப் பூசினாற்போல் இருந்தார். படம் எடுத்து, புதிதாக ஒன்றும் இல்லை என்று நானே அவரிடம் நேராகச் சொன்னேன். எனக்காக ஒரு டப்பாவில் ரவாலாடு கொண்டுவந்திருந்தார். பேசிக்கொண்டிருந்தபோது ரமணியைப் பற்றி விசாரித்தேன்.

"ஊருக்குப் போறச்சே ஏர்போர்ட்ல ரெண்டு பேரும் அழுதோம் டாக்டர், எல்லாரும் பார்க்க" என்றார். "முன்னாடியெல்லாம் அவன் பாத்ரூமுக்குப் போய் குழாயைத் திறந்து விட்டுண்டு அழுவான். அவன் வெளில வந்ததும் நான் போய் திறந்து விட்டுண்டு அழுவேன். மெட்ராஸ்ல இருக்கற தண்ணிக் கஷ்டத்துல, எத்தனை பக்கெட் வீணாப் போச்சு."